வீட்டுக்கு ஏற்ற திசைவி எது?

சித்தியவான் என்ற பெயருக்கு ஊரார் ஒரு கதை சொல்வர். ஆற்றுச் சேற்றில் சிக்கிக்கொண்ட ஒரு யானையை விட்டுப் போக மனமின்றி, அதன் துணை யானை கடைசிவரை அருகிலேயே நின்றதாம். மலாய் மொழியில் ‘செத்தியா காவான்’ என்றால் விசுவாசமான நண்பன் என்று பொருள். அதுவே நாளடைவில் சித்தியவான் என மருவியது என்பர். கதை உண்மையோ இல்லையோ, அவ்வூர் வீடுகளில் இன்று வேறொரு விசுவாசமான துணை தேடப்படுகிறது. இரவு எட்டு மணிக்கு வீட்டில் உள்ள அனைவரும் ஒரே வேளையில் இணையத்தைப் பயன்படுத்தும்போது கைவிடாமல் நிற்க வேண்டிய துணை அது. பேச்சு வழக்கில் அதனை ‘ரௌட்டர்’ என்பர்; தமிழில் திசைவி எனலாம்.

வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் இணையத்தைத் திசைவி வானலைகளாக மாற்றி, வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இந்த வானலைத் தொடர்பே ‘வைஃபை’ அல்லது அருகலை எனப்படுகிறது. எந்தத் தகவல் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று திசை காட்டி அனுப்புவதால்தான் திசைவி என்ற பெயர் வந்தது.

சித்தியவானில் பரவலாகக் காணப்படும் ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொள்ளலாம். முன்னால் வரவேற்பறை, நடுவில் இரண்டு அறைகள், பின்னால் சமையலறை, அதனை ஒட்டி இன்னோர் அறை. இணையக் கம்பி வாசல் பக்கமாக வீட்டுக்குள் நுழைகிறது. அதனால் திசைவியும் வரவேற்பறையில், தொலைக்காட்சி அலமாரியின் கீழ்த்தட்டில் இடம்பிடித்துவிடுகிறது. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோ கடைசி அறையில் இருக்கிறார். இயங்கலை வகுப்பில் ஆசிரியரின் குரல் பாதியில் அறுந்து போகிறது. தந்தை கடைக்குச் செல்கிறார். “அண்ணே, இதுல எட்டு ஆண்டெனா இருக்கு, வீடு முழுக்க வரும்” என்கிறார் கடைக்காரர். சில நூறு ரிங்கிட் செலவாகிறது. புதிய திசைவி அதே அலமாரியின் அதே தட்டில் வைக்கப்படுகிறது. கடைசி அறையில் குரல் மீண்டும் அறுந்து போகிறது.

இந்தத் தவற்றுக்கு அத்தந்தையை மட்டும் குறை கூறுவது முறையன்று. திசைவியை விற்போர் வேகத்தையே விளம்பரப்படுத்துகின்றனர். வாங்குவோரும் அதையே கேட்கின்றனர். வீட்டுக்குத் தேவைப்படுவதோ நம்பகம். வேகம் வேறு, நம்பகம் வேறு. தொலைவில் உள்ள அறைக்கும், நெருக்கடியான நேரத்திலும், பல ஆண்டுகளுக்கும் தடையின்றிப் பணியாற்றும் திசைவியே நம்பகமானது. காணொளி வகுப்பு ஒன்றுக்கு நொடிக்குச் சில மெகாபிட் வேகம் போதும். நூறு மெகாபிட் திட்டம் எடுத்துள்ள குடும்பத்தில் நால்வர் ஒரே நேரத்தில் காணொளி பார்த்தாலும் வேகம் மிஞ்சியே இருக்கும். அவ்வளவு இருந்தும் கடைசி அறையில் படம் உறைந்து நிற்கிறது என்றால், குறை வேகத்தில் இல்லை.

வீட்டு இணையம் வெறும் பொழுதுபோக்கு வசதியாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அக்காலம் முடிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன; அவ்வாண்டு சூன் மாதம் கல்வி அமைச்சு ‘டெலிமா’ எனும் கற்றல் தளத்தை அறிமுகப்படுத்தியது. நன்கு இயங்கும் இணையம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், ஒரு கைப்பேசியின் தரவைப் பகிர்ந்துகொண்ட பிள்ளைகளுக்கும் இடையே இடைவெளி ஏற்பட்டது. பெருந்தொற்று தணிந்த பிறகும் வீட்டுப்பாடம், இடுபணி, துணை வகுப்பு எனப் பலவும் இணையத்திலேயே தங்கிவிட்டன. எனவே, திசைவியைத் தேர்ந்தெடுப்பது இன்று புத்தகம் வாங்குவதற்கு இணையான குடும்பச் செலவாகிவிட்டது.

ஆனால், வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை. முதலில், மடிக்கணினியைக் கம்பி வழியாகத் திசைவியுடன் நேரடியாக இணைத்து, இணைய வேகத்தை அளக்கலாம். அடுத்து, திசைவிக்கு அருகில் நின்று அருகலை வழியாக அளக்கலாம். மூன்றாவதாக, கடைசி அறையில் அளக்கலாம். கம்பியிலேயே வேகம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் இணைப்பில்தான் கோளாறு. சேவை நிறுவனத்திடம் முறையிட வேண்டும், கடைக்குப் போவதில் பயனில்லை. கம்பியில் சரியாக இருந்து, அருகில் நிற்கும்போதே குறைந்தால் திசைவி பழையதாகவோ பழுதானதாகவோ இருக்கலாம். அருகில் நன்றாகவும் கடைசி அறையில் மோசமாகவும் இருந்தால், குறை திசைவியில் இல்லை. அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. இந்தச் சோதனையைக் காலையில் ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறையும் செய்வது நல்லது. நெருக்கடி நேரத்தில்தான் உண்மை நிலை தெரியும்.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. வானலை வெளிச்சத்தைப் போன்றது. மரப்பலகையைக் கடந்து செல்லும். செங்கல் சுவரில் தளரும். இரும்புக் கம்பி பதித்த கற்காரைச் சுவரில் மிகவும் தளரும். உலோகம் அதனைத் திருப்பி அனுப்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறம் உள்ள மெல்லிய உலோகப் பூச்சும் அதே வேலையைச் செய்யும். தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் திசைவியை வைப்பது அழகாக இருந்தாலும் அறிவான செயலன்று. தொலைக்காட்சியின் பின்னால், குளிர்பதனப் பெட்டியின் மேல், இரும்பு அலமாரிக்குள் வைப்பதும் அப்படியே. நுண்ணலை அடுப்பு இயங்கும்போது அருகலை தடுமாறுவதைச் சிலர் கவனித்திருப்பர். அவ்வடுப்பும் திசைவியின் ஓர் அலைவரிசையும் ஏறக்குறைய ஒரே அலைவெண்ணில் இயங்குவதே அதற்குக் காரணம்.

பெரும்பாலான திசைவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவது மெதுவானது, ஆனால், சுவர்களைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும். இரண்டாவது விரைவானது, ஆனால், இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே உண்டு: 1, 6, 11. சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் இடப்பக்கத்து வீட்டுத் திசைவியும் வலப்பக்கத்து வீட்டுத் திசைவியும் அதே தடத்தில் பேசினால், மூன்று வீட்டாரும் ஒரே குறுகிய பாதையில் முட்டி மோதும் நிலை உண்டாகும். திசைவியின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று தடத்தை மாற்றினால் பல வேளைகளில் நிலைமை சீராகும். இதற்கும் காசு தேவையில்லை.

எனவே, திசைவியை வீட்டின் நடுப்பகுதிக்கு, நெஞ்சளவு உயரத்துக்கு மேல், திறந்த இடத்துக்குக் கொண்டு வருவதே முதல் வேலை. பத்து மீட்டர் இணையக் கம்பி ஒன்று அதற்குப் போதும். எட்டு ஆண்டெனாக்கள் செய்யாததை அந்தக் கம்பி செய்துவிடும்.

இடத்தை மாற்றியும் பயனில்லை என்றால் புதிய திசைவி வாங்கலாம். அப்போது பெட்டியின் மேல் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஏஎக்ஸ் 3000’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், வீட்டுக்கு 3000 மெகாபிட் வேகம் வரும் என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில், அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 574 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸின் 2402 மெகாபிட்டையும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய எண். ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் பொதுவாக ஓர் அலைவரிசையையே பயன்படுத்தும். மேலும், அவ்வெண்கள் சுவரும் பக்கத்து வீடும் இல்லாத ஆய்வுக்கூடக் கணக்கு. இரண்டு பேருந்துகளின் உச்ச வேகத்தைக் கூட்டி ஒரே பேருந்தின் வேகம் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. சட்டப்படி தவறில்லை, ஆனால், நேர்மையான விளம்பரம் என்று சொல்ல முடியாது.

அதைவிடப் பயனுள்ள எண், அருகலையின் தலைமுறை எண். முன்பு எழுத்தும் புள்ளியுமாக இருந்த பெயர்களை 2018இல் அருகலைக் கூட்டமைப்பு எளிமையாக்கி, 4, 5, 6 என எண்ணிட்டது. அருகலை 6க்கான சான்றளிப்பு 2019இலும், அருகலை 7க்கானது 2024இலும் தொடங்கின. அருகலை 6இன் சிறப்பு வேகம் மட்டுமன்று. பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் சிறுசிறு பங்காகத் தகவலை அனுப்ப அதனால் இயலும். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது ஒரே வீட்டில் இருபது கைப்பேசிகள் சேர்ந்துவிடும். பழைய திசைவி மூச்சுத் திணறுவது அன்றுதான். இன்று வாங்குவோர் அருகலை 6க்குக் குறைந்ததை வாங்க வேண்டியதில்லை. அருகலை 7 இப்போதைக்குப் பெரும்பாலான வீடுகளுக்கு அவசியமில்லை. வீட்டிலுள்ள கைப்பேசிகள் அதனைப் புரிந்துகொள்ளாவிட்டால் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்.

திசைவியின் பின்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். மலிவான சில திசைவிகளில் கம்பி செருகும் துளைகள் நூறு மெகாபிட்டுக்கு மேல் கடத்துவதில்லை. முந்நூறு மெகாபிட் திட்டத்துக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்திவிட்டு, வாசலிலேயே அதில் மூன்றில் இரண்டு பங்கை இழப்பது பரிதாபம். துளைகள் ‘கிகாபிட்’ வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். மேலும், 2010 மார்ச்சில் அறிமுகமான யூனிஃபை போன்ற கண்ணாடியிழைச் சேவையில் இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் தனித்தனி அடையாள எண்கள் உண்டு. இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600. அவ்வெண்களைப் பதிவு செய்யும் வசதி இல்லாத திசைவியை வாங்கி வந்து நேரடியாகப் பொருத்தினால் விளக்கு எரியும், இணையம் வராது.

இரண்டு மாடி வீடுகளுக்கும் நீண்ட வீடுகளுக்கும் ஒரே திசைவி போதாமல் போகலாம். மின்செருகியில் மாட்டும் சிறிய அலைநீட்டிகள் மலிவானவை. ஆனால், ஒரே அலைவரிசையில் கேட்டதையே திருப்பிச் சொல்லும் வகையாக இருந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு மூன்று திசைவிகள் தமக்குள் பேசி ஒரே வலையாக இயங்கும் ‘மெஷ்’ முறை அதைவிட மேலானது. அவற்றைக் கம்பியால் இணைக்க முடிந்தால் இன்னும் சிறப்பு. வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் வண்ணத்தையும் தரை ஓட்டையும் பல நாள் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கின்றன. சுவரை உடைக்கும்போதே அறைக்கு ஒரு கம்பி போட்டு வைக்க மட்டும் மறந்துவிடுகின்றன.

இதுவரை கூறியவை திசைவி இன்று எப்படி இயங்கும் என்பதைப் பற்றியவை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதனை நம்பலாமா என்ற கேள்வியைக் கடையில் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் கிடைப்பது அரிது. திசைவி என்பது ஒரு சிறிய கணினி. அதனுள் மென்பொருள் உண்டு. மென்பொருளில் ஓட்டைகள் தெரியவரும். தயாரிப்பாளர் புதுப்பிப்பு அனுப்பி அவற்றை அடைக்க வேண்டும். அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து, வெளியில் பளபளப்பாக இருந்தாலும் அத்திசைவி பூட்டில்லாத கதவாகிவிடும். வீட்டார் வங்கிக் கணக்கைத் திறப்பதும் பிள்ளைகள் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வதும் அந்தக் கதவின் வழியாகத்தான்.

இது வீண் அச்சமன்று. 2016இல் ‘மிராய்’ எனும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கண்காணிப்புப் படக்கருவிகளையும் திசைவிகளையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபரில் நடத்தப்பட்ட தாக்குதலால் அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் பல மணி நேரம் முடங்கின. 2018இல் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற மற்றொன்று 54 நாடுகளில் குறைந்தது ஐந்து இலட்சம் கருவிகளுக்குள் நுழைந்தது. அவற்றுள் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த திசைவிகள். திசைவியை ஒருமுறை அணைத்துப் போடுமாறு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை ஏற்பட்டது.

சில நாடுகள் இதிலிருந்து பாடம் கற்றன. சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல், விற்கப்படும் வீட்டுத் திசைவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும், புதுப்பிப்பைத் தானே பெற்றுக்கொள்ளும் வசதியும் கட்டாயமாக்கப்பட்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் உள்ள சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. இணையத்துடன் இணையும் வீட்டுக் கருவிக்கு எக்காலம்வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்பதைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மலேசியாவில் விற்கப்படும் திசைவிப் பெட்டியின் மேலும் அத்தகைய ஆண்டு ஒன்று அச்சிடப்பட வேண்டும். ரொட்டிக்கும் பாலுக்கும் காலாவதி நாள் இருக்கும்போது, ஐந்தாறு ஆண்டுகள் வீட்டுக் கதவாக நிற்கப்போகும் கருவிக்கு இல்லாதது பெருங்குறை. அதுவரை, தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அவ்வகைத் திசைவிக்குக் கடைசியாக எப்போது புதுப்பிப்பு வந்தது என்று வாங்கும் முன் பார்ப்பது ஓரளவு உதவும். ஓராண்டுக்கும் மேலாக எதுவும் வரவில்லை என்றால் வேறொன்றைத் தேடுவதே நல்லது.

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை கருவியில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கான சோதனையையும் சான்றளிப்பையும் சிரிம் மேற்கொள்கிறது. அம்முத்திரை, கருவி நாட்டின் தொழில்நுட்பத் தரத்துக்கு உட்பட்டது என்பதைக் காட்டும். வேகத்துக்கோ ஆயுளுக்கோ அது உத்தரவாதமன்று. எனினும், இணைய அங்காடியில் பாதி விலைக்குக் கிடைக்கும் முத்திரையில்லாத் திசைவி, பழுதானால் திருப்பிக் கொடுக்க இடமில்லாத திசைவியாகவே பெரும்பாலும் இருக்கும்.

சேவை நிறுவனம் கொடுக்கும் திசைவி இருக்க, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சிறிய வீடாக இருந்து, நால்வரோ ஐவரோ பயன்படுத்தினால், அத்திசைவியே போதுமானதாக இருக்கும். பழுதானால் பொறுப்பேற்க ஆளும் உண்டு. பல குடும்பங்கள் அதனைத் தக்க இடத்துக்கு மாற்றாமலேயே பழிசொல்கின்றன. ஆனால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது ஆறேழு ஆண்டுப் பழைய திசைவியை மாற்றித் தருமாறு கேட்கவும் அவை தயங்குகின்றன. மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கண்ணாடியிழை எட்டாத இடங்களின் நிலை வேறு. சித்தியவானைச் சுற்றி முன்பு இரப்பர் தோட்டங்களாக இருந்து, இன்று செம்பனை நிற்கும் பகுதிகளில், சிம் அட்டை போட்டு இயக்கும் திசைவியையே பல குடும்பங்கள் நம்பியிருக்கின்றன. அங்கே வீட்டின் நடுப்பகுதி என்ற விதி பொருந்தாது. தகரக் கூரையும் அடர்ந்த செம்பனையும் அலையைத் தடுப்பதால், தொலைத்தொடர்புக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலோரமே அத்திசைவிக்கு உரிய இடம். வாங்குமுன், அண்டை வீட்டார் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையைப் பயன்படுத்துகின்றனர் என்று கேட்பது எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்கது. நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதிக்குள் நிறுத்தப்பட்டபோது, 3ஜி மட்டுமே அறிந்த பழைய திசைவிகள் பயனற்றுப் போயின. பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று 4ஜிக்கும் குறைந்ததை இன்று வாங்குவது அதே குழியில் மீண்டும் விழுவதாகும்.

எந்தத் திசைவியை வாங்கினாலும் முதல் நாள் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ 3ஐ, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ 2ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பை முடுக்கிவிட வேண்டும். விருந்தினருக்குத் தனி இணைப்புப் பெயர் வைத்தால், பண்டிகைக்கு வந்த இருபது கைப்பேசிகளுக்கும் வீட்டுக் கடவுச்சொல் போய்ச் சேராது. இடி மின்னல் மிகுந்த பேராக் கடற்கரைப் பகுதியில் மின்னழுத்தத் தடுப்புச் செருகி ஒன்றும் தேவை. செம்புக் கம்பியில் இணையம் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வந்து கருவியைக் கருக்கியது. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால், திசைவிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி இன்னும் செம்புதான்.

பழைய திசைவியைத் தூக்கி எறியும் முன், அதன் பின்புறத்திலுள்ள சிறிய துளையில் ஊசியால் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வீட்டின் இணைப்புப் பெயரும் கடவுச்சொல்லும் அப்போதுதான் அதிலிருந்து அழியும். அதன் பின்னர் அதனைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.